ஒரு வரியில் பதில் எழுதச் சொன்ன அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். அங்கு அக்காவும் தாங்களும் தொழிற்சாலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொழிற்சாலையை மூன்றாவதாக எழுதியதற்கு மன்னிக்கவும். அக்காவும் படிக்கும் கடிதம் என்பதால் வரிசையை மாற்ற வேண்டியதாயிற்று.

தங்கள் கடிதம் கிடைத்தது. நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு மேலாளர் பதவி ஒன்றை உண்டாக்கியிருப்பதாகவும், அது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரே வரியில் தெரிவிக்கும்படியும், வேண்டாமென்றால் தங்கள் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதவிக்காகத்தான் நான் நாற்பத்தேழு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து நிர்வாகம் படிக்கிறேன் என்பதும், படிப்பின் கடைசி செமஸ்டருக்காக அயல்நாட்டுக் கல்லூரிக்குப் பரிமாற்ற மாணவனாக வந்திருக்கிறேன் என்பதும் தங்களுக்குத் தெரியும். இதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் பதவி இல்லை என்று விமான நிலையத்தில் சொல்லி அனுப்பியதும் தாங்கள்தான். ஆகவே விஷயம் ஒரு வரிக்குள் அடங்குவதாக இல்லை. பசை காயும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் போதும்.

நான் இங்கே வந்ததே ஒரு மறுப்பில் தொடங்கியது. இரண்டு கல்லூரிகளுக்கும் உள்ள ஒப்பந்தப்படி இங்கிருந்து ஒருவர் அங்கே போகவேண்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வரவேண்டும். நம் கல்லூரியிலிருந்து வருவதாக இருந்த பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த இடத்தில் இருந்த பையன் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். கல்லூரி அலுவலகத்துக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, போகிறீர்களா என்று கேட்டார். எனக்கெதற்கு, சின்னப் பிள்ளைகள் யாராவது போகட்டும் என்றேன். குமாஸ்தா விவரம் தெரிந்தவர். படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டார். வேலையை விட்டுவிட்டு எப்படி என்றேன். பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து மூன்றாவது முறையாகக் கேட்டார். உங்கள் இஷ்டம் என்று கையெழுத்துப் போட்டேன். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், கேட்பவர் மனசாரக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது முறை கேட்டபிறகும் மறுத்தால் அதற்குப் பெயர் திமிர். இதை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கக் கற்றுக்கொண்ட மாதிரி கற்றுக்கொண்டோம். இது உலகம் முழுவதும் அமலில் இருக்கும் சட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இங்கே எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மிக நல்ல மனிதர். ஆனால் முப்பது வருஷமாகச் சிவப்பு விளக்கைக் கண்டால் நிறுத்திவிடுவது அவர் தொழில். வந்து இறங்கிய அன்று இரண்டு அறைகளைக் காட்டினார். முன்னறையில் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மரம், மேஜை, விளக்கு. பின்னறையில் வீடு முழுவதற்கும் வெந்நீர் காய்ச்சும் கொதிகலன். முன்னறையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எதுவானாலும் சரி, எனக்குப் பின்னறையே போதும் என்றேன். உடனே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தார். அவர் இன்னொரு முறை கேட்பார் என்று நான் கூடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்துத் திரும்பி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். கொதிகலன் கால்மணிக்கு ஒருமுறை, முக்கியமான எதையோ சொல்லப்போவதுபோல் தொண்டையைச் செருமும். ஏழு வாரமாகச் செருமுகிறது. இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். நான் விமானத்திலிருந்து இறங்கி ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவர் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து தட்டு அலமாரியிலேயே இருந்தது. என் சாப்பாடு கடை ரொட்டியும் கொதிகலன்மேல் வைத்துச் சூடாக்கிய டப்பாவும் என்று ஆயிற்று. இன்னொரு நாள் நல்ல மழை. கல்லூரிக்குப் போகிற வழியில் அவருடைய கார் என் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, ஏறிக்கொள்கிறீர்களா என்றார். பரவாயில்லை, நடந்தே போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே குடையை மடக்கினேன். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. மடக்கிய குடையை அவர் கவனித்திருக்கலாம் என்று எனக்கு அன்று முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் உடம்புக்கு வந்த கஷ்டம், போகட்டும். பட்டத்துக்கே ஆபத்து வந்தது பேச்சுவார்த்தை என்கிற பாடத்தில். அத்தான், பேரம் பேசுவதை இங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பேராசிரியை. ஒரு காலத்தில் துறைமுக வேலைநிறுத்தங்களைத் தீர்த்துவைத்தவராம். ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கு ஓர் இரகசியத் தாளைக் கொடுப்பார். உங்கள் தாளை எதிராளி பார்க்கக்கூடாது. பேசி முடித்ததும் யாருக்கு எவ்வளவு கிடைத்ததோ அதுவே மதிப்பெண்.

முதல் பயிற்சியில் நான் ஒரு ரொட்டிக்கடையின் சொந்தக்காரன். வகுப்பு முடிவதற்குள் எப்படியாவது கடையை விற்றாகவேண்டும் என்று என் தாளில் இருந்தது. எதிரில் இருபத்திரண்டு வயதுப் பையன். கடையைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டான். கொடுக்கிற எண்ணமே இல்லை தம்பி, சும்மா அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். எந்த வியாபாரம்தான் வேறு மாதிரி தொடங்கும். பையன் நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுக் கேண்டீனுக்குப் போய்விட்டான். மீதி நாற்பது நிமிஷமும் நானும் ரொட்டிக்கடையும் தனியாக உட்கார்ந்திருந்தோம். பூஜ்யம். இரண்டாவது பயிற்சியில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் தருவதாகச் சொன்னார்கள். என்னைவிடத் திறமைசாலிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். எதிரில் இருந்தவர் ஆர்வமாகக் குறிப்பேட்டைத் திறந்து, அவர்களுடைய பெயர்களைக் கேட்டார். அதிலும் பூஜ்யம். புத்தி வந்து மூன்றாவது பயிற்சியில், எதிரில் இருந்த பெண் வாயைத் திறந்து தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன். அவள் பயந்துபோய், தாளில் ஏதோ பிழை இருக்கிறது என்று பேராசிரியையைக் கூப்பிட்டாள். நூற்றுக்கு எட்டு.

பேராசிரியை என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார். இவர்கள் பேசுவது வேறு மொழி. தங்கள் வசதிக்காக நாம் பேசுகிற மாதிரி எழுதுகிறேன்.

"நீங்க வேண்டாம்னு சொன்னா, நாங்க வேண்டாம்னுதான் எடுத்துப்போம்" என்றார்.

"அப்படியே எடுத்துக்கிட்டா எப்படிங்க?"

"வேற எப்படி எடுத்துக்கறது?"

நாற்பத்தேழு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பயிற்சிக்குத்தான் பாதி மதிப்பெண், அதில் நூற்றுக்கு நூறு வாங்கினால் மட்டும் நான் கரையேறலாம், தான் இந்தப் பாடம் நடத்தும் பதினாலு வருஷத்தில் யாரும் நூறு வாங்கியதில்லை என்று அவர் சொன்னார். உட்காரச் சொல்லிக் காப்பி வேண்டுமா என்றும் கேட்டார். பழக்கதோஷத்தில் வேண்டாம் என்றேன். தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார்.

கடைசிப் பயிற்சியில் எனக்கு எதிராளியாக வாய்த்தவர் ஒரு பல் டாக்டர். வேறொரு கண்டத்திலிருந்து என்னைப்போலவே ஒரு செமஸ்டருக்கு வந்தவர். ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வருஷம் மற்றவர்களை வாய் திறக்கச் சொன்ன மனிதர், பேச்சுவார்த்தைப் பாடத்தில் மூன்று பயிற்சிக்கும் சேர்த்து ஐந்து மதிப்பெண் வைத்திருந்தார். அவரை நான் முதலில் சரியாகக் கவனித்ததே அன்று வகுப்பு வாசலில்தான். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நீங்கள் முதலில் போங்கள் என்றார். இல்லை, நீங்கள் போங்கள் என்றேன். கதவு பொறுத்துப் பார்த்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. எனக்கு ஏழு வாரத்தில் முதல்முறையாக வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

பயிற்சி இதுதான். இரண்டு கம்பெனிகளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு பழைய கிடங்கு கிடைத்திருக்கிறது. கீழ்த்தளம், மேல்மாடி, முன்வாசல், லாரி, காலை நேரம், மாலை நேரம் என்று எல்லாவற்றையும் பங்கு பிரிக்க வேண்டும். எது தனக்கு எவ்வளவு அவசியம் என்பது அவரவர் இரகசியத் தாளில் இருக்கும். மற்ற மாணவர்கள் எல்லாமே எனக்குத்தான் என்று தொடங்கி, சண்டை போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சரிபாதியாக வெட்டிக்கொண்டு, ஆளுக்கு ஐம்பதோ ஐம்பத்தைந்தோ வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வேறு மாதிரி தொடங்கினோம்.

"மேல்மாடியை நீங்களே வச்சுக்குங்க டாக்டர்" என்றேன்.

"ஐயோ, எனக்கு எதுக்கு? உங்களுக்கு வேணுமில்ல."

"நான் என்ன பண்ணப்போறேன்? என் சரக்கெல்லாம் இரும்பு. மாடி தாங்காது."

"அப்ப கீழ்த்தளம் பூரா உங்களுக்குத்தான். என்னோடது துணி. கீழே ஈரம்."

"முழுசா எப்படிங்க எடுத்துக்கறது, நல்லாவா இருக்கும்? அதுக்குப் பதிலா காலை நேரத்தையாவது நீங்க எடுத்துக்குங்க. என் ஆளுங்க மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க."

"அப்படின்னா லாரி உங்களோடதா இருக்கட்டும். எனக்கு ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்ல."

ஹோட்டலில் பில் வந்ததும் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு மணி நேரம் போராடினோம். என் தலையில் கட்டியதைப் பதிலுக்கு அவர் தலையில் கட்டமுடியாமல் நான் தோற்றுப்போனதாகவே நினைத்துக்கொண்டு எழுந்தேன். அவரும் அதே முகத்தோடு எழுந்தார். பேராசிரியை கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னொரு முறை போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டார். எனக்கு நூறு. அவருக்கும் நூறு.

மறுநாள் எங்கள் இருவருக்கும் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, இரகசியத் தாளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதாகச் சந்தேகம் என்று. நிரூபணமானால் பாடத்தில் மட்டும் தோல்வி இல்லை, செமஸ்டரே செல்லாது, நம் கல்லூரிக்கும் தகவல் போகும். பட்டம், பதவி, தாங்கள் விமான நிலையத்தில் சொன்ன வார்த்தை எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் புதிய தாள்களோடு மறுபடி செய்துகாட்ட வேண்டும் என்றார்கள். ஒரு நீள மேஜைக்குப் பின்னால் மூவர், பக்கத்தில் பேராசிரியை. எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்குக் கைப்பிடி இருந்தது, ஒன்றுக்கு இல்லை. இதை ஏற்பாடு செய்தவர்களுக்கு நம்மைப்பற்றி எதுவும் தெரியாது என்பது அதிலேயே விளங்கியது. கைப்பிடி உள்ளதில் அவரை உட்காரச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அவருக்கு இடுப்புவலி உண்டு என்று நான் ஞாபகப்படுத்தினேன். நீங்கள் வயதில் சிறியவரானால் என்ன, நேற்று மழையில் நனைந்தவர் நீங்கள்தானே என்று அவர் வாதாடினார். குழுத்தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பதினோரு நிமிஷம் கழித்துக் கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கைப்பிடி இல்லாத இன்னொன்று கொண்டுவரச் செய்து உட்கார்ந்தோம்.

இந்தத் தடவை ஒரு அச்சகத்தைப் பிரிக்க வேண்டும். அதையும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டினோம். மறுபடி நூறு, நூறு. குழுவில் ஒருவர், "இது பேரமே இல்லையே. ஆளாளுக்குத் தள்ளித் தள்ளிவிடறாங்க" என்றார். பேராசிரியை, "தள்ளிவிடும்போதே தனக்கு எது தேவையில்லைன்னு உண்மையைச் சொல்லிடறாங்க. பதினாலு வருஷமா நான் மாணவர்கள் வாயிலேர்ந்து பிடுங்கப் பாக்கறது அதைத்தான்" என்றார். குழுத்தலைவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். நான் தேறிவிட்டேன் அத்தான். மதிப்பெண் பட்டியலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்றே வராந்தாவில் பேராசிரியை என்னை நிறுத்தி, அடுத்த வருஷம் முழுவதும் இங்கேயே இருந்து இந்தப் பாடத்தைத் தன்னோடு சேர்ந்து நடத்த முடியுமா, சம்பளம் உண்டு, குடும்பத்தோடு தங்க வீடு உண்டு என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், நான் பெட்டி செய்கிறவன், வேண்டாம் என்றேன். அவர் டைரியைத் திறந்து ஏதோ எழுதி மூடி, "சரி, உங்க முடிவை மதிக்கறேன்" என்றார். இந்த ஊரில் ஒரு மனிதன் கேட்கக்கூடிய மிகக் கடுமையான வாக்கியம் அதுதான்.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலாளர் பதவி எனக்கு வேண்டாம். தங்கள் தம்பி மகனுக்கே கொடுங்கள். சின்ன வயது, கம்ப்யூட்டர் தெரியும், நல்ல சட்டை போடுகிறான். அட்டையில் பசை எந்தப் பக்கம் தடவுவது என்பது ஒரு ஆறேழு வருஷத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். திங்கட்கிழமைதோறும் நின்றுபோகும் மடிப்பு இயந்திரம் என் கை பட்டால்தான் ஓடும் என்று வேலையாட்கள் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை. பெரிய ஆர்டர் கொடுக்கிறவர்கள் தொலைபேசியில் என்னைக் கேட்டால், நான் இருக்கிறேன் ஆனால் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் தொழிற்சாலைக்கு வந்த முதல் நாள், உனக்கு ஏதாவது பதவி போட்டுத் தரவா என்று தாங்கள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நமக்குள் என்ன பதவி அத்தான் என்றேன். அதுவும் சரிதான் என்று தாங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். ஏழு வருஷம் கழித்து மறுபடி கேட்டீர்கள். எதற்கு அத்தான் என்றேன். நல்லது என்றீர்கள். இதை நான் எந்த உள்நோக்கத்தோடும் எழுதவில்லை. தங்களுக்கும் எனக்கும் பழக்கவழக்கம் ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன். வருகிற பதினைந்தாம் தேதி ஊர் வந்து சேர்வேன். அன்று மாலை வீட்டில்தான் இருப்பேன். மறுநாளும் வீட்டில்தான். அதற்கு அடுத்த நாளும் எங்கேயும் போவதாக இல்லை. தாங்கள் அந்தப் பக்கம் வர நேர்ந்தால் வரலாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பெரியவர்கள் எல்லோரையும் விழுந்து கும்பிட்டதாகவும், சின்னவர்கள் எல்லோரையும் தட்டிக்கொடுத்ததாகவும் தெரிவிக்கவும். தம்பி மகனுக்கு என் ஆசீர்வாதம். தாங்கள் உடம்பையும் பசைத் தொட்டியின் சூட்டையும் பார்த்துக்கொள்ளவும். எந்நாளும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,

மைத்துனன்.

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் கொதிகலன் அறைக் கதவைத் தட்டினார்கள். பேராசிரியை, அவருக்குப் பின்னால் பல் டாக்டர். நான் வராந்தாவில் வேண்டாம் என்று சொன்னதைக் கேள்விப்பட்டு, அது கணக்கில் சேராது என்று டாக்டர் அவருக்கு விளக்கியிருக்கிறார். பேராசிரியை டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டாவது முறையாகக் கேட்டார். இந்த வயதில் எனக்கு எதற்கு என்றேன். அவர் திரும்பி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். "மூணாவது தடவை கேக்கறேன். நான் வேற யாரையும் கேக்கல. நீங்க இருந்தா நல்லா இருக்கும்" என்றார் பேராசிரியை. உங்கள் இஷ்டம் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் டாக்டரைக் கேட்டார், இதற்குமேல் ஒரு சம்மதம் கிடையாது என்றார் டாக்டர்.

வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு என் மனைவியிடம் சொன்னேன். "மூணு தடவையும் கேட்டாங்களா?" என்றாள். கேட்டார்கள் என்றேன். "உங்க அத்தான் இந்தப் பதவிக்கு எத்தனை தடவை கேட்டாரு?" ஒரு தடவை, அதுவும் கடிதத்தில், ஒரே வரியில் பதில் எழுதச் சொல்லி என்றேன். "அங்க குளிருமா? எனக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்னு சொல்லுங்க" என்றாள்.

ஆகவே அத்தான், மேலே வேண்டாம் என்று எழுதியிருப்பதை வேண்டாம் என்றே படித்துக்கொள்ளவும்.